சோனிக்குள் ஒத்துழைப்பு: எங்கே நடந்தது, எங்கே நடக்கவில்லை, ஏன்?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: சோனியிடம் பாட்டுக் கம்பெனி இருக்கிறது, ஹாலிவுட் ஸ்டூடியோ இருக்கிறது, பிளேஸ்டேஷன் இருக்கிறது, டிவி, கேமரா, ஹெட்போன், போன் எல்லாமே இருக்கிறது. இத்தனையும் ஒரே கூரையின் கீழ் இருந்தும், ஐபாட் என்ற பாட்டுக் கருவியையும் ஐடியூன்ஸ் என்ற பாட்டுக் கடையையும் சேர்த்து ஆப்பிள் செய்ததை இவர்களால் ஏன் செய்ய முடியவில்லை? பிரிவுகளுக்குள் ஒத்துழைப்பே கிடையாதா?

உண்டு. நிறையவே உண்டு. ஆனால் "எல்லாரும் ஒன்றாகச் சேருங்கள்" என்று மேலிடம் உத்தரவு போட்ட இடங்களில் அது பெரும்பாலும் சொதப்பியது. இரண்டு பிரிவுகள் சேர்ந்து பணம் போட்டு, லாபமோ நஷ்டமோ இருவருக்கும் என்று ஒரு புதுக் கம்பெனியைத் தொடங்கிய இடங்களில் பிரமாதமாக நடந்தது. கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தே இந்தக் கம்பெனியின் பாதி வரலாற்றைச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

முதலில் பாட்டு எப்படி உள்ளே வந்தது என்று பார்ப்போம். 1968-ல் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸுடன் சேர்ந்து ஜப்பானில் சிபிஎஸ்/சோனி ரெக்கார்ட்ஸ் தொடங்கப்பட்டது. அதை வளர்த்தவர் நோரியோ ஓகா. பெர்லினில் மேற்கத்திய சங்கீதம் படித்த பாடகர். பிற்பாடு சோனிக்கே தலைவரானவர். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய சிடியை உலகத்தின் தலையில் கட்ட வேண்டிய நேரம் வந்தபோது இந்தக் கம்பெனி கைகொடுத்தது. பல இசை நிறுவனங்கள் சிடியைக் கண்டு முகம் சுளித்தன. இருக்கிற எல்பி வியாபாரம் நன்றாகத்தானே போகிறது என்பது அவர்கள் வாதம். 1982 அக்டோபர் 1-ம் தேதி 1,68,000 யென் விலையில் சிடிபி-101 என்ற பிளேயர் ஜப்பானில் கடைக்கு வந்தபோது, கூடவே கடையில் வைக்க சிபிஎஸ்/சோனியின் சிடிக்களும் இருந்தன. இசைத்தட்டு இல்லாமல் பிளேயர் மட்டும் விற்றிருந்தால் அது வெறும் பெட்டி.

அதற்கு முந்தைய அனுபவம் கசப்பானது. 1975-ல் வந்த பீட்டாமேக்ஸ் என்ற சோனியின் வீடியோ கேசட் வடிவம், ஜேவிசியின் விஹெச்எஸ் வடிவத்திடம் தோற்றது. கையில் படங்கள் இருந்திருந்தால் தோற்றிருக்க மாட்டோம் என்று சோனியில் பலர் நம்பினார்கள். என்னைக் கேட்டால் அது பாதி உண்மைதான். ஒரு கேசட்டில் எவ்வளவு நேரம் பதிவாகும் என்பது, எத்தனை தயாரிப்பாளர்கள் அந்த வடிவத்தை ஏற்றார்கள் என்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் நம்பிக்கை வலுவாக இருந்தது. 1988-ல் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை 200 கோடி டாலருக்கும், 1989-ல் கோகோ கோலாவிடமிருந்து கொலம்பியா பிக்சர்ஸை 340 கோடி டாலருக்கும் வாங்கினார்கள். ஹார்டுவேரும் சாஃப்ட்வேரும் வண்டியின் இரண்டு சக்கரம் என்பது சோனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அகியோ மொரீட்டா காலத்துக் கொள்கை. ஐந்தே வருடத்தில், 1994 நவம்பரில், ஸ்டூடியோ முதலீட்டில் 270 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ள வேண்டியதாயிற்று. டோக்கியோவில் இருந்தவர்களுக்கு ஹாலிவுட்டை நடத்தத் தெரியவில்லை. நடத்த விடப்பட்டவர்கள் செலவைக் கட்டுப்படுத்தவில்லை.

அதே 1994-ல்தான் பிளேஸ்டேஷனும் வந்தது. இந்தக் கதையில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒத்துழைப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சோனியிலேயே கிடையாது.

கென் குடராகி என்ற சோனிப் பொறியாளர், ஜப்பானின் கேம் கம்பெனியான நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் என்ற கேம் கருவிக்கு ஒலிச் சிப் வடிவமைத்துக் கொடுத்தவர். அடுத்து அதற்கு ஒரு சிடி இணைப்பை இரு கம்பெனிகளும் சேர்ந்து செய்வதாக ஏற்பாடு. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாளே நின்டெண்டோ மேடையேறி, நாங்கள் பிலிப்ஸுடன் போகிறோம் என்றது. சோனியின் மானம் கப்பலேறியது. கேம் என்பது பொம்மை வியாபாரம், நமக்கெதற்கு என்று உள்ளேயே பலர் சொன்னார்கள். ஓகா மட்டும் குடராகியின் பக்கம் நின்றார். அவர் செய்த காரியம்தான் முக்கியம்: எலெக்ட்ரானிக்ஸ் தலைமையகத்தில் வைத்திருந்தால் இந்தக் குழுவைப் பிழைக்க விடமாட்டார்கள் என்று, அவர்களை அப்படியே பெயர்த்து டோக்கியோவின் ஆவோயாமா பகுதியில் இருந்த சோனி மியூசிக் அலுவலகத்துக்கு அனுப்பினார். 1993 நவம்பரில் சோனி கார்ப்பரேஷனும் ஜப்பானின் சோனி மியூசிக்கும் சேர்ந்து சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட் என்ற தனிக் கம்பெனியைப் பதிவு செய்தன.

இசைக்காரர்கள் கேமுக்கு என்ன தெரிந்து வந்தார்கள் என்று தோன்றலாம். சிப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது வேறு. அந்தக் காலத்தில் நின்டெண்டோவுக்கு கேம் எழுதும் கம்பெனி, கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜ் பெட்டிகளை முன்பணம் கட்டி மொத்தமாக ஆர்டர் செய்ய வேண்டும். தயாராகி வர மாதங்கள் ஆகும். குறைவாக ஆர்டர் செய்தால், கேம் சூடாக விற்கும்போது கடையில் சரக்கு இருக்காது. அதிகமாகச் செய்தால் மிச்சம் தலையில் விழும். இசைக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒரு பாட்டு திடீரென்று ஹிட்டானால் சில நாட்களுக்குள் சிடியை மறுபடி அச்சடித்துக் கடைக்கு அனுப்புவது அவர்கள் தினமும் செய்கிற வேலை. சிடி அச்சடிக்கும் செலவும் கார்ட்ரிட்ஜில் ஒரு சிறு பங்குதான். முதலில் கொஞ்சமாக அச்சடி, விற்றால் உடனே மறுபதிப்பு போடு என்ற அந்தப் பழக்கத்தை அப்படியே கேமுக்குக் கொண்டுவந்தார்கள். மொத்த வியாபாரிகளின் பழைய வளையத்தைத் தாண்டி நேரடியாகச் சில்லறைக் கடைகளுக்கே கொடுத்தார்கள். கேம் எழுதுபவர்களைச் சப்ளையர்களாகப் பார்க்காமல் பாடகர்களைப் போல, கலைஞர்களைப் போல நடத்தினார்கள். இந்தப் பக்கத்தை முன்னின்று பார்த்தவர் ஷிகேயோ மருயாமா. ராக் இசை லேபிள் நடத்தி வந்தவர்.

1994 டிசம்பர் 3 அன்று 39,800 யென்னுக்கு முதல் பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தது. 10 கோடி எண்ணிக்கையைத் தாண்டிய முதல் வீட்டு கன்சோல் அதுதான். 1990-களின் கடைசியில் சோனியின் இயக்க லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கேமிலிருந்து வந்தது. பொம்மை என்று சொன்னவர்களின் சம்பளமும் அதிலிருந்துதான் போயிருக்கும்.

சரி, அப்படியென்றால் சோனியின் கையடக்கப் பாட்டுக் கருவியான வாக்மேன் கதை மட்டும் ஏன் வேறு மாதிரி போயிற்று? ஓகா 1994-ல் செய்த இன்னொரு மாற்றம் இங்கே வருகிறது. சோனியை எட்டுத் தனித்தனி 'கம்பெனி'களாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் தலைவர், ஒவ்வொன்றுக்கும் தனி லாப நஷ்டக் கணக்கு. நல்ல நோக்கம்தான், பெரிதாகிப்போன கம்பெனியில் பொறுப்பு யாருடையது என்று தெரிய வேண்டும். ஆனால் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அடுப்பு வைத்துக் கொடுத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

1999-ன் பிற்பகுதியில் சோனி டிஜிட்டல் இசை பிளேயரைக் காட்டியது. ஒன்றல்ல, இரண்டு. ஆடியோ பிரிவிலிருந்து மெமரி ஸ்டிக் வாக்மேன். கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து பேனா மாதிரியான வயோ மியூசிக் கிளிப். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்தன. ஒன்றில் 64 எம்பி மெமரி ஸ்டிக்கைச் செருக வேண்டும், மற்றதில் 64 எம்பி உள்ளேயே இருந்தது. இரண்டு குழுவும் தனித்தனியாக உட்கார்ந்து, தனித்தனியாகச் செலவழித்து, ஒன்றையொன்று கடையில் மோதவிட்டன. இரண்டிலும் ஒன்று மட்டும் பொது: எம்பி3 நேராக ஓடாது. உங்களிடமிருந்த பாட்டுகளை ஓபன்எம்ஜி என்ற மென்பொருளில் போட்டு, அட்ராக்3 என்ற சோனியின் சொந்த வடிவத்துக்கு மாற்றி, அதன்பிறகு பிளேயருக்கு 'செக் அவுட்' செய்ய வேண்டும். ஒரு பாட்டை மூன்று முறைக்கு மேல் வெளியே அனுப்ப முடியாது. திரும்ப 'செக் இன்' செய்தால்தான் அந்த எண்ணிக்கை மீளும். நூலகத்தில் புத்தகம் எடுப்பதற்குக்கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் இருந்தது இசைப் பிரிவின் பயம். இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர வைத்த நாப்ஸ்டர் அதே 1999-ல்தான் வந்தது. திருட்டுப் பாட்டு ஓடும் கருவியைத் தங்கள் தாய்க் கம்பெனியே விற்பதை அவர்கள் எப்படி ஒப்புக்கொள்வார்கள்? கருவி செய்பவர்களுக்கு வேண்டியது சுதந்திரம், பாட்டு வைத்திருப்பவர்களுக்கு வேண்டியது பூட்டு. இரண்டு தலைவர்களின் போனஸும் இரண்டு வேறு எண்களைப் பார்த்து முடிவாகிறது. நடுவில் உட்கார்ந்து 'இந்த இழப்பை நாம் பொதுவில் ஏற்போம்' என்று சொல்ல ஆள் இல்லை.

2003 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தபோது ஐந்து பெரிய இசைக் கம்பெனிகளும் பாட்டு கொடுத்தன. அதில் சோனி மியூசிக்கும் ஒன்று. இதைத் துரோகம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். பாடகர்களின் பாட்டை எங்கே விற்க முடியுமோ அங்கே விற்பது லேபிளின் கடமை. ஒரு வருடம் கழித்து, 2004 மே மாதம், சோனி கனெக்ட் என்ற தன் சொந்தக் கடையைத் திறந்தது. அங்கே வாங்கிய பாட்டு அட்ராக் வடிவத்தில் இருந்தது, சோனி கருவிகளில் மட்டும் ஓடியது. 2008-ல் கடையை மூடினார்கள். இன்னொரு பக்கம், ஜப்பானின் ஐடியூன்ஸ் கடை 2005-ல் திறந்தும், ஜப்பானிய சோனி மியூசிக்கின் பாட்டுகள் 2012 வரை அங்கே போகவில்லை. அமெரிக்காவில் கொடுத்தார்கள், ஜப்பானில் பிடித்து வைத்தார்கள். ஒரே பெயர்ப்பலகை, இரண்டு முடிவு.

ஆப்பிளில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. 1997-ல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் தனித்தனி லாப நஷ்டக் கணக்குகளைத் தூக்கிவிட்டு முழுக் கம்பெனிக்கும் ஒரே கணக்கு என்று ஆக்கினார். ஐபாடுக்கு ஒரு கணக்கு, கடைக்கு ஒரு கணக்கு என்று சண்டை போட அங்கே வழியில்லை. அவரிடம் பாதுகாக்க வேண்டிய லேபிளும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2005-ல் ஹோவர்ட் ஸ்ட்ரிங்கர் தலைவரானார். வேல்ஸில் பிறந்தவர், சிபிஎஸ் டிவியிலிருந்து வந்தவர், சோனியின் முதல் வெளிநாட்டுத் தலைவர். பிரிவுகளுக்கு நடுவில் இருக்கிற சுவர்களை இடிப்பதுதான் என் முதல் வேலை என்றார். 'சோனி யுனைட்டெட்' என்பது கோஷம். கோஷம் போட்ட அதே வருடக் கடைசியில், சோனி பிஎம்ஜி என்ற சோனியின் கூட்டு இசைக் கம்பெனி, தன் சிடிக்களில் திருட்டைத் தடுக்க ஒளித்து வைத்திருந்த மென்பொருள் வாங்கியவர்களின் கம்ப்யூட்டரில் கள்ளத்தனமாக நுழைந்து உட்கார்ந்துகொள்வது வெளியே வந்து நாறியது. அடுத்த கட்டடத்தில் சோனியின் இன்னொரு பிரிவு வயோ கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் உத்தரவின் பேரில் நடந்த பெரிய ஒத்துழைப்பு ஒன்று வெற்றியும் பெற்றது: டிவிடிக்கு அடுத்த தலைமுறைப் பட டிஸ்க்கான ப்ளூ-ரே. 2006 நவம்பரில் வந்த பிஎஸ்3-க்குள் ப்ளூ-ரே டிரைவை வைத்தார்கள். படப்பிரிவு தன் படங்களை அதில் வெளியிட்டது. 2008 ஜனவரியில் வார்னர் ஸ்டூடியோவும் சேர்ந்துகொள்ள, பிப்ரவரியில் தோஷிபா தன் போட்டி வடிவமான ஹெச்டி டிவிடியைக் கைவிட்டது. பீட்டாமேக்ஸுக்குப் பழி தீர்த்தாயிற்று என்று எழுதினார்கள். பில்லைக் கட்டியது யார் என்று பாருங்கள். நீல லேசர் டையோடு தட்டுப்பாட்டால் கன்சோல் தாமதமானது; ஐரோப்பாவுக்கு 2007 மார்ச்சில்தான் போய்ச் சேர்ந்தது. போட்டியாளரான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 ஒரு வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் பெரிய மாடல் 599 டாலர். 2006 நிதியாண்டில் கேம் பிரிவின் இயக்க நஷ்டம் 23,230 கோடி யென். பக்கத்துப் பிரிவு ஜெயிப்பதற்காகக் கேம் பிரிவு மொய் எழுதியது. டிஸ்க்கில் ஜெயித்து முடிப்பதற்குள் ஜனங்கள் ஸ்ட்ரீமிங்குக்குப் போய்விட்டார்கள்.

ஜேம்ஸ் பாண்ட் கையில் சோனி எரிக்சன் போன், பிஎஸ்3 பெட்டியில் ஸ்பைடர்மேன் படத்து எழுத்து என்கிற மாதிரியான ஒத்துழைப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அது விளம்பரம்.

2012-ல் கசுவோ ஹிராய் வந்தார். 1984-ல் சிபிஎஸ்/சோனியில் சேர்ந்து, அமெரிக்காவில் பிளேஸ்டேஷனை வளர்த்தவர். அவர் கையில் கிடைத்தது, முந்தைய நிதியாண்டில் 45,670 கோடி யென் நஷ்டம் கண்ட கம்பெனி. அவருடைய கோஷம் 'ஒன் சோனி'. ஆனால் செய்தது பெரும்பாலும் வெட்டுவது: 2014-ல் வயோவை விற்றார், டிவியைத் தனித் துணை நிறுவனமாக்கினார். அவருக்குப் பின் 2018-ல் வந்த கெனிச்சிரோ யோஷிதா, சோனியின் இணையச் சேவைக் கம்பெனியான சோநெட்டிலிருந்து வந்தவர். 2021 ஏப்ரலில் அவர் செய்த மாற்றம் வெளியே பெரிதாகப் பேசப்படவில்லை. அதுவரை எலெக்ட்ரானிக்ஸ்தான் தாய்க் கம்பெனி. பாட்டு, படம், கேம் எல்லாம் அதன் பிள்ளைகள். அந்த வருடம் சோனி குரூப் என்று மேலே ஒரு தலைமை நிறுவனத்தை வைத்து, எலெக்ட்ரானிக்ஸையும் மற்றவற்றுக்குச் சமமாகக் கீழே இறக்கினார். 'நாங்கள் சொல்கிறோம், நீங்கள் பாட்டு கொடுங்கள்' என்று சொல்லும் அதிகாரம் அன்றோடு போயிற்று. ஹிராயும் யோஷிதாவும் டிவி, வாக்மேன் செய்த பிரிவுகளில் வளர்ந்தவர்கள் அல்ல என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இன்று ஒத்துழைப்பு எங்கே கனிந்திருக்கிறது என்று கேட்டால் ஜப்பானிய அனிமேஷனான அனிமேயைக் காட்டுவேன். அனிமே தயாரிக்கும் அனிப்ளெக்ஸ் கம்பெனி 1995-ல் ஜப்பானிய சோனி மியூசிக்கும் சோனி பிக்சர்ஸும் சேர்ந்து தொடங்கியது. பிளேஸ்டேஷன் தொடங்கப்பட்ட அதே முறை என்பதைக் கவனியுங்கள். டீமன் ஸ்லேயர் என்ற அனிமேயை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்புக் குழுவில் மூன்றே பேர்: அனிப்ளெக்ஸ், காமிக்ஸ் உரிமை வைத்திருக்கும் ஷுயெய்ஷா, படம் வரையும் யூஃபோடேபிள். பாட்டு பாடும் லிசா சோனி மியூசிக் பாடகி. 2020 அக்டோபரில் வந்த முகென் ட்ரெயின் படம் ஜப்பானில் மட்டும் 4,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்து அங்கே எல்லாக் காலத்து சாதனையையும் முறியடித்தது. வெளிநாட்டில் பார்ப்பதற்கு கிரஞ்சிரோல் என்ற ஸ்ட்ரீமிங் தளம். அதை 2021 ஆகஸ்டில் 117.5 கோடி டாலருக்கு வாங்கிய கம்பெனியும் சோனி பிக்சர்ஸும் அனிப்ளெக்ஸும் சேர்ந்து வைத்திருப்பதுதான். 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயரின் அடுத்த படம் தமிழ் டப்பிங்கோடு நம் ஊர்த் தியேட்டர்களுக்கு வந்ததை நினைவிருக்கும். தயாரிப்பு, இசை, வெளிநாட்டு விநியோகம் என்று மூன்று பிரிவுகள் கைமாற்றி அனுப்பிய சரக்கு அது. யாரும் யாருக்காகவும் நஷ்டப்படவில்லை.

போன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஐபோனுக்குள் இருப்பது சோனியின் கேமரா சென்சார். 2022 டிசம்பரில் அன்றைய ஆப்பிள் தலைவர் டிம் குக்கே ஜப்பானின் குமமோட்டோவில் உள்ள சென்சார் தொழிற்சாலைக்குப் போய் அதை வெளிப்படையாகச் சொன்னார். பிறகு சோனியின் சொந்தப் போனான எக்ஸ்பீரியா ஏன் படமெடுப்பதில் முதலிடத்தில் இல்லை? சென்சாரை எவ்வளவு அதிகம் பேருக்கு விற்கிறோமோ அவ்வளவு தொழிற்சாலைக்கு வேலை, அடுத்த தலைமுறைக்குப் பணம். தம்பிக்கு மட்டும் கொடுத்து வெளியாளுக்கு மறுத்தால் அந்தப் பிரிவே படுத்துவிடும். ஆகவே அது இயல்பு. இயல்பில்லாதது இன்னொன்று: ஆல்பா கேமரா பிரிவு தன் நுட்பங்களைப் போன் பிரிவுக்குத் தரத் தயங்கியது. விலையுயர்ந்த கேமராவில் இருப்பதைப் போனிலும் கொடுத்தால் கேமராவை யார் வாங்குவார்கள் என்ற கவலை. இதை 2019-ல் சோனியின் மொபைல் அதிகாரி ஒருவரே பேட்டியில் ஒப்புக்கொண்டார். அந்த வருடம் ஏப்ரலில் மொபைல், கேமரா, டிவி, ஆடியோ எல்லாவற்றையும் ஒரே கணக்கின் கீழ் கொண்டுவந்தார்கள். மொபைல் நஷ்டத்தை மறைக்கத்தான் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கண்ணைப் பார்த்து ஃபோகஸ் செய்யும் வசதி அந்த வருட எக்ஸ்பீரியா 1-ல் வந்தது. 2021-ல் எக்ஸ்பீரியா ப்ரோ-ஐக்குள் ஆர்எக்ஸ்100 கேமராவின் ஒரு இன்ச் சென்சாரே போய் உட்கார்ந்தது. அதற்குள் போன் சந்தை கைவிட்டுப் போயிருந்தது என்பது வேறு விஷயம்.

படத்திலும் இதே நியாயம் ஓடுகிறது. 2019-ல் பிளேஸ்டேஷன் புரொடக்ஷன்ஸ் தொடங்கி, கேம்களைச் சோனி பிக்சர்ஸோடு சேர்ந்து படமாக்குகிறார்கள். 2022-ல் வந்த அன்சார்ட்டட் உலகம் முழுக்க 40 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. ஆனால் தி லாஸ்ட் ஆஃப் அஸ் தொடர் ஹெச்பிஓவுக்குப் போயிற்று. நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி எல்லாருக்குமான ஸ்ட்ரீமிங் தளத்தைச் சோனி உலக அளவில் தொடங்கவே இல்லை. நல்ல விலை தருபவருக்கு விற்கிறது. மற்ற ஸ்டூடியோக்கள் சொந்தத் தளத்தில் கோடிகளைக் கொட்டியதைப் பார்த்தபிறகு, ஒத்துழைக்காமல் இருந்ததும் ஒரு புத்திசாலித்தனம்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கேட்டவர் கடைசியில் 'பேசாமல் பிரித்தே விட்டால் என்ன' என்றும் கேட்டிருந்தார். டேனியல் லோப் என்ற முதலீட்டாளர் இதையே இரண்டு முறை கேட்டார்: 2013-ல் பட, இசைப் பிரிவுகளில் ஒரு பங்கைத் தனியாகப் பட்டியலிடச் சொன்னார், 2019-ல் சென்சார் பிரிவைப் பிரிக்கச் சொன்னார். இரண்டு முறையும் சோனி மறுத்தது. மறுத்த கம்பெனியே 2025 செப்டம்பரில் தன் வங்கி, காப்பீட்டுப் பிரிவைப் பிரித்துத் தனியாகப் பங்குச்சந்தையில் பட்டியலிட்டு, 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான பங்கை மட்டும் வைத்துக்கொண்டது. அது சரியான முடிவு. காப்பீட்டுப் பாலிசிக்கும் பிளேஸ்டேஷனுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. சென்சாரைப் பிரிக்கும் பேச்சு 2025-லும் எழுந்தது. அதில் நான் தயங்குவேன். புதுச் சென்சாருக்கு என்ன வேண்டும் என்று ஆல்பா கேமராக்காரர்கள் ஆரம்பத்திலேயே போய்ச் சொல்ல முடிவது இருவரும் ஒரே குழுமத்தில் இருப்பதால்தான்; பிரிந்துவிட்டால் அவர்களும் வரிசையில் நிற்கும் இன்னொரு வாடிக்கையாளர்.